மண்ணுக்கு அடியில் எரிவாயு, மாடியின் மேல் வெயில்



சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மதரஸா மாடியில் சூரிய ஒளி மின்தகடுகள் அமைக்கலாமா என்ற யோசனை வந்தது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு இஷா பாங்கு வரை நீண்டுவிட்டது. "கரண்டு கம்பியில் வந்துகொண்டுதானே இருக்கிறது? வக்ஃபுப் பணத்தை எதற்கு மாடியில் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும்?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். பொறியியல் படித்த தம்பி ஒருவர், "சோலாரெல்லாம் சின்ன விஷயம் நானா, நாட்டுக்குத் தேவை அணுமின்சாரம்" என்றார். இன்னொருவர் நெடுங்காடு பக்கம் நமது அறக்கட்டளைக்கு உள்ள நஞ்சை நிலத்தை நினைவுபடுத்தினார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து, எரிவாயுக் கிணறு அமைக்க அந்த நிலத்தைக் குத்தகைக்குத் தருவீர்களா, நெல் தரும் வருமானத்தைப் போலப் பல மடங்கு கிடைக்கும் என்று கேட்டுப் போனார். அதற்கு நாம் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மூன்று பேச்சும் ஒரே பேச்சுதான் என்று எனக்குப் பட்டது. இந்த இதழில் அதை விரிவாக எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நான் விஞ்ஞானி அல்லன். படித்ததையும் விசாரித்து அறிந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

வக்ஃபின் சட்டத்திலிருந்து தொடங்குவோம்

கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்ட செய்தியை மதரஸாவில் எல்லோரும் ஓதியிருப்போம். நிலத்தின் மூலத்தை நிறுத்திவைத்து அதன் பலனைத் தர்மம் செய்யும்படி அவர்களுக்கு வழிகாட்டப்பட்டது. ஃபிக்ஹு நூல்கள் வக்ஃபுக்குத் தரும் இலக்கணம் அதிலிருந்தே வருகிறது. அஸ்லு எனும் மூலம் அப்படியே இருக்க வேண்டும், பலனை மட்டும் அனுபவிக்க வேண்டும். தென்னந்தோப்பை வக்ஃபு செய்தால் தேங்காயை விற்கலாம், தோப்பை விற்க முடியாது.

அதே உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது இராக்கின் ஸவாது நிலங்கள் வெற்றிகொள்ளப்பட்டன. அவற்றைப் படைவீரர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று பலர் வாதாடினார்கள். பின்னால் வரும் தலைமுறைகளுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டு, பங்கிட மறுத்துவிட்டார்கள். இன்னும் பிறக்காதவர்களின் பங்கையும் கணக்கில் சேர்த்த தீர்ப்பு அது.

மின்சாரம் எடுக்கும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். எது பலனை எடுக்கிறது, எது மூலத்தையே தின்கிறது, எது வாரிசுகளின் தலையில் கடனை வைத்துவிட்டுப் போகிறது?

நம் காலடியில் இருப்பது

காரைக்காலுக்கு எரிவாயு புதிய செய்தி அல்ல. 1960களிலேயே இங்கு ஓ.என்.ஜி.சி. ஆய்வுக் கிணறு தோண்டியது. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது, 1993இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. நம் திருமலைராயன்பட்டினத்தில் உள்ள 32.5 மெகாவாட் மின்நிலையம் இந்தப் பகுதியின் எரிவாயுவில் ஓடுவதுதான். ஓ.என்.ஜி.சி. வேலையை நம்பி வீடு கட்டியவர்கள், பெண்மக்களைக் கட்டிக்கொடுத்தவர்கள் நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். ஆகவே எரிவாயு என்றாலே நஞ்சு என்று நான் எழுதப் போவதில்லை. எரியும்போது நிலக்கரியைவிடச் சுமார் பாதி அளவு கரியமில வாயுவைத்தான் அது வெளியிடுகிறது என்பதும் உண்மை.

ஆனால் எல்லாவற்றையும் 'மீத்தேன் திட்டம்' என்று ஒரே பெயரில் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நரிமணத்தில் நடப்பது மரபான முறை. நுண்துளைகள் உள்ள பாறையில் எண்ணெயும் வாயுவும் தேங்கி நிற்கும். கிணறு தோண்டினால் தன் அழுத்தத்திலேயே பெரும்பாலும் மேலே வரும்.

மன்னார்குடியைச் சுற்றி நடக்கவிருந்தது நிலக்கரிப் படுகை மீத்தேன். 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு அது ஒப்படைக்கப்பட்டது. நிலக்கரிப் படுகையை அழுத்திக்கொண்டிருக்கும் தண்ணீரை முதலில் இறைத்து வெளியே கொட்டினால்தான் வாயு விடுபடும். டெல்டாவின் நிலத்தடி நீரை மாதக்கணக்கில் இறைப்பது என்றால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்மாழ்வார் ஐயா அந்தத் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதே, 2013 டிசம்பர் 30இல் காலமானார். 2015இல் தமிழ்நாடு அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

மூன்றாவது ஷேல் எரிவாயு. இங்கேதான் பிராக்கிங் எனப்படும் நீரழுத்த விரிசல் முறை வருகிறது. ஷேல் என்பது இறுகிப்போன களிமண் பாறை. வாயு அதற்குள் சிறைப்பட்டிருக்கும், தானாக நகராது. இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே இறங்கி, அங்கிருந்து கிணற்றைப் படுக்கை வாட்டில் திருப்பி, தண்ணீர், மணல், ரசாயனக் கலவையை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசலிடச் செய்வார்கள். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்கும். அமெரிக்க அனுபவத்தில் ஒரு கிணற்றுக்கு அரைக் கோடி லிட்டரிலிருந்து ஆறு கோடி லிட்டர் வரை தண்ணீர் போகிறது. அதில் ஒரு பகுதி உப்பையும் ரசாயனத்தையும் சுமந்துகொண்டு மேலே திரும்பி வரும். அதை எங்கே கொட்டுவது என்பதுதான் பிராக்கிங்கின் பெரிய தலைவலி. நிலநடுக்கங்களுக்குப் பிறகு இங்கிலாந்து 2019இல் இதை நிறுத்திவைத்தது.

இவற்றைப் பிரித்தறிவது ஏன் அவசியம் என்றால், 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த ஹெல்ப் கொள்கை மூன்றையும் ஒரே உரிமத்துக்குள் சேர்த்துவிட்டது. மரபான வாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் ஹைட்ரோகார்பன். ஆகவே ஒருவர் வந்து, "சாதாரணக் கிணறுதான் பாய்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், உரிமம் அதோடு நிற்பதில்லை.

2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 31 சிறு வயல்களின் பட்டியலில் நெடுவாசலும் காரைக்காலும் சேர்ந்தே இருந்தன. நெடுவாசல் மக்கள் பல மாதங்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள், நாடே அறிந்தது. காரைக்காலின் பெயர் பட்டியலில் இருந்ததை நம் ஊரில் எத்தனை பேர் கவனித்தோம்? நான் கவனிக்கவில்லை.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும் புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு, ஷேல் எடுப்பதற்கு அது தடை விதிக்கிறது. ஏற்கெனவே நடப்பவற்றை அது தொடாது என்பது அதன் குறை. நமக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டின் சட்டம், வாஞ்சூர் சோதனைச் சாவடியோடு நின்றுவிடுகிறது. நாம் புதுச்சேரி ஆட்சிப்பகுதி. சாராயக் கடைக்கு எல்லை உண்டு, பெட்ரோல் விலைக்கு எல்லை உண்டு. நிலத்தடி நீருக்கு எல்லை உண்டா?

நாம் இருப்பதோ காவிரியின் கடைமடை. நடுவர் மன்றம் 2007இல் காரைக்காலுக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி., 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த ஏழும் அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் முழுசாக வந்து சேர்ந்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணலாம். ஒரு பக்கம் கடல் உப்பு உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் நல்ல தண்ணீரைப் பாறைக்குள் செலுத்துவது வீண்விரயத்தில் சேருமா சேராதா? ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

அல்ஜீரியாவின் தென்பாலைவனத்தில் ஐன் ஸாலிஹ் என்றொரு பாலைவனச் சோலை நகரம் இருக்கிறது. நிலத்தடி நீரைத் தவிர அவர்களுக்கு வேறு ஆதாரமில்லை. 2014 டிசம்பரில் அரசு அங்கே ஷேல் வாயுவுக்குச் சோதனைக் கிணறு தோண்டியது. மக்கள் வாரக்கணக்கில் திடலில் கூடினார்கள், பெண்களும் முன்னால் நின்றார்கள். எண்ணெய், எரிவாயு வருமானத்தில் வாழும் நாட்டிலேயே மக்கள் எங்களுக்குத் தண்ணீர்தான் முதலில் என்றார்கள்.

விபத்து என்று பார்த்தால், 2017 ஜூன் 30இல் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதை நாம் கண்டோம். 2014இல் கோதாவரி டெல்டாவின் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அஸ்ஸாமின் பாக்ஜானில் 2020 மே மாதம் வெடித்துக் கிளம்பிய கிணற்றை அடக்க ஐந்து மாதங்களுக்கு மேல் ஆனது.

அணு

பொறியாளர் தம்பியின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. அணுஉலை புகை விடுவதில்லை, இரவு பகல் பார்ப்பதில்லை, சிறிய இடத்தில் பெரிய அளவு மின்சாரம் தரும். நம் உறவினர்கள் குடியேறிய பிரான்ஸ் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அணுவிலிருந்தே எடுக்கிறது. அதே பிரான்ஸ் 2011 ஜூலையில் சட்டம் போட்டுப் பிராக்கிங்கைத் தடை செய்துவிட்டது என்பதையும் தம்பிக்குச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் ஸஃபரில் இருக்கும் அமீரகத்தில் பரக்கா நிலையத்தின் நான்காவது உலை 2024இல் ஓடத் தொடங்கியது. நான்கும் சேர்ந்து அந்நாட்டு மின்தேவையில் சுமார் கால் பங்கைத் தருகின்றன. நாமும் வெளியே நின்று பேசவில்லை. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் புதுச்சேரிக்குப் பங்கு உண்டு. பள்ளிவாசல் மின்விசிறியில் அந்த மின்சாரமும் ஓடுகிறது.

இருந்தாலும் என் மனம் ஒப்பாத இடங்கள் இரண்டு.

முதலாவது கடல். கல்பாக்கம் நமக்கு வடக்கே கடலோரமாகச் சுமார் 180 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 காலையில் காரைக்காலில் ஜனாஸாக்களை வரிசையாக வைத்துத் தொழுதவர்களுக்கு நான் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. அதே அலை கல்பாக்கத்தின் கடல்நீர் இறைக்கும் நிலையத்துக்குள்ளும் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள், கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை. அல்ஹம்துலில்லாஹ். அந்த ஊழியர்களின் குடியிருப்பிலேயே உயிர்கள் போயிருந்தன என்பதை நினைத்தால் அவர்கள் செய்த வேலையின் அருமை தெரியும். 2011 மார்ச் 11இல் ஃபுகுஷிமாவில் அப்படி முடியவில்லை. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். ஜப்பானைவிடக் கட்டுப்பாடு மிகுந்த நாடு எது? அந்த ஆண்டுதான் இடிந்தகரை மீனவப் பெண்கள் கூடங்குளத்துக்கு எதிராகப் பந்தலில் அமர்ந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உலைக்கு அனுமதி அளித்தது, நிபந்தனைகளும் விதித்தது. அக்டோபரில் முதல் உலை மின்சாரம் தரத் தொடங்கியது.

இரண்டாவது கழிவு. உலையில் உருவாகும் புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். ஹிஜ்ரத் நடந்து இன்னும் 1,500 சூரிய ஆண்டுகள்கூட ஆகவில்லை. மின்விளக்கை நாம் எரித்துவிட்டுக் காவலை அவர்களுக்கு வைத்துவிட்டுப் போகிறோம். 2010இல் இயற்றிய அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம், நிலையத்தை நடத்துபவரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் என்று வரம்பு வைத்தது. அபாயம் இல்லையென்றால் வரம்பு எதற்கு என்று இடிந்தகரையில் ஒரு மீனவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

இருப்பினும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவின் மின்சாரத்தில் அணுவின் பங்கு சுமார் மூன்று சதவீதம்தான். முக்கால் பங்குக்கு அருகில் இன்னும் நிலக்கரி. நிலக்கரியின் தூசு எப்படிப் படியும் என்பதை வாஞ்சூர், நாகூர் பக்கத்து வீடுகளின் மொட்டை மாடியில் விரலால் தடவிப் பார்த்தவர்கள் அறிவார்கள். அணுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிலக்கரியை ஏற்றுக்கொள்வது ஒரு தீர்வு அல்ல.

வெயிலும் காற்றும் குற்றமற்றவையா?

வக்ஃபின் மொழியில் சொன்னால் வெயிலும் காற்றும் பலன் மட்டும். எவ்வளவு எடுத்தாலும் மூலம் குறையாது. ஸீஸ்தானில் காற்றைக் கொண்டு மாவரைத்ததை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் பயண நூலாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழி கணவாயில் நிற்கும் காற்றாலைகளை நாகர்கோவில் போகும் வழியில் எல்லோரும் பார்த்திருப்போம்.

ஆனால் குறைகளை மறைத்தால் அது வியாபாரியின் பேச்சாகிவிடும். காற்று மே முதல் செப்டம்பர் வரை வீசும், மார்கழியில் ஏமாற்றும். கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2,500 ஏக்கரைப் பிடித்தது. அங்கே வறண்ட பூமி. அதையே டெல்டாவின் நஞ்சையில் வைக்க ஒருவர் கேட்டு வந்தால், எரிவாயுக்காரருக்குக் கேட்ட கேள்விகளை அவரிடமும் கேட்பேன். கடலுக்குள் காற்றாலை அமைக்க 2024இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டத்தில் தமிழ்நாட்டுக் கடலுக்கு 500 மெகாவாட். எந்தக் கடலில் வலை வீசுபவரின் வழி மறிக்கப்படும் என்பதை முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று நம் சமுதாயம் பேசத் தயங்குவது. தகடுகளின் மூலப்பொருளான பாலிசிலிக்கானில் கணிசமான பகுதி சீனாவின் சின்ஜியாங்கிலிருந்து வருகிறது. அங்கே உய்குர் முஸ்லிம்கள் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. சீன அரசு மறுக்கிறது. அமெரிக்கா 2021இல் இதற்காகவே இறக்குமதித் தடைச் சட்டம் போட்டது. பள்ளிவாசல் மாடியில் ஏற்றும் தகடு எங்கே செய்யப்பட்டது என்று விசாரிக்காமல் விலையை மட்டும் விசாரிப்பது நமக்கு அழகல்ல. உள்நாட்டு செல்லும் உள்நாட்டுத் தகடும் வேண்டும் என்று விலைப்புள்ளி கேட்கும்போதே எழுதிவிடலாம். கொஞ்சம் விலை கூடும்.

இந்தக் குறைகள் எல்லாவற்றையும் அடுக்கிய பிறகும் ஒரு வேறுபாடு தெரிகிறது. தகடு உடைந்தால் மாற்றலாம், தவறான இடத்தில் வைத்தால் கழற்றி வேறிடம் கொண்டுபோகலாம். நிலத்தடி நீர் கெட்டால் எதைக் கழற்றுவது? தீங்கைத் தடுப்பதை நன்மை ஈட்டுவதற்கு முன்னால் வைக்கும் ஃபிக்ஹு விதி இங்கே எனக்கு வழி காட்டுகிறது.

மாடிக்கு வருவோம்

ஒரு கிலோவாட் தகடுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். ஐந்து கிலோவாட் வைத்தால் மாதம் 600 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். ஐப்பசி கார்த்திகையில் குறையும்.

வீடுகளுக்கு 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. இது குடியிருப்புகளுக்கானது, மதரஸாவுக்கு இல்லை. ஆகவே வீடு வைத்திருப்பவர்கள் நமக்கு முன்னே முந்திக்கொள்ளலாம்.

பள்ளிவாசலைவிட மதரஸாவை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மதரஸாவின் மின்விசிறியும் தண்ணீர் மோட்டாரும் பகலில் ஓடுகின்றன, பகல் வெயிலை அப்படியே பயன்படுத்தலாம். பள்ளிவாசலில் ஐந்து வக்தில் ஃபஜ்ரு, மஃரிபு, இஷா மூன்றும் வெயில் இல்லாத நேரம். ரமலானின் தராவீஹும் ஸஹரும் இரவில்தான். அங்கே மின்துறையோடு கொடுக்கல் வாங்கல் கணக்குக்கான மீட்டர் வேண்டும், அல்லது பேட்டரி வேண்டும். மொராக்கோ அரசு தன் பள்ளிவாசல்களில் சூரிய மின்சாரத்தைக் கொண்டுவந்தபோது, கூடவே பழைய விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றிச் செலவைக் குறைத்ததும் சேர்ந்தே நடந்தது. கந்தூரிக் காலத்திலும் கல்யாணத்திலும் விடிய விடிய சீரியல் விளக்கு எரிய விடும் நாமும் அதை யோசிக்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. பேட்டரி இல்லாத சாதாரணச் சூரிய மின்னமைப்பு, வெளி மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில், சில ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் மதரஸா அடைக்கல இடமாக இருக்க வேண்டுமென்றால், மோட்டாருக்கும் நாலு விளக்குக்கும் கைபேசி சார்ஜுக்கும் போதுமான சிறிய பேட்டரியாவது வேண்டும். தாங்கு சட்டங்கள் புயலுக்குத் தாங்கும்படி தளத்தோடு இறுக்கப்பட வேண்டும், உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத துத்தநாக முலாம் இருக்க வேண்டும்.

நெடுங்காட்டு நிலத்துக்கு வருகிறேன். குத்தகை கேட்டு வந்தவரிடம் அன்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தோம். எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து? திரும்பி வரும் தண்ணீரை எங்கே விடுவீர்கள்? இருபது ஆண்டு கழித்துக் கிணற்றை மூடுவது யார் செலவு? கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பவில்லை. ஆனால் வேறொருவர் வரலாம். ஓதும் பிள்ளைகளின் உணவுக்காக என்று வாகிஃபு எழுதிவைத்த நிலம் அது. இம்முறை பதிலை எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. தீர்மான வரைவை அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். காரைக்காலையும் வேளாண் மண்டலப் பாதுகாப்புக்குள் கொண்டுவரக் கோரும் மனு ஒன்றும் அதோடு இருக்கிறது. அதில் எல்லாச் சமயத்து விவசாயிகளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு மதரஸா மாடியில் அளவெடுக்கிறோம். தென்மேற்கு மூலையில் வேப்பமரத்தின் நிழல் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கிட்டத்தட்ட கால்வாசி மாடியை மூடுகிறது. கிளையை வெட்டினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த நிழலில்தான் சின்னப் பிள்ளைகள் ஹிஃப்ளு ஓதுகிறார்கள். தகடுகளைக் கிழக்கே தள்ளி நான்கு கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று பார்க்க, விவரம் தெரிந்தவர்கள் வந்தால் நல்லது.